கரடிக்கும் அதே நடை

அவன் யாரிடமும் படித்து அனிமேஷன் கற்கவில்லை என்பது, அவனைச் சந்தித்த ஐந்தாவது நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவனே சொல்லிவிடுவான். கல்லூரியில் படித்தவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், தான் மட்டும் சுயம்பு என்பது அவன் கட்சி. கல்லூரியில் இடம் கிடைக்காமல் போன பிறகுதான் அந்தக் கட்சி உருவானது என்பதை வீட்டில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

வீடு என்றால் அக்கா வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடிப்பவள். மாமா பஸ் ஓட்டுகிறார். மூக்குக் கண்ணாடிக் கடை வேலையை ஒரு காலையில் உதறிவிட்டு அவன் வந்து நின்றபோது, மாமா அவனுக்கு ஆர்ட்டிஸ்ட் என்று பெயர் வைத்தார். மரியாதைக்காக அல்ல. இரண்டு வருடத்துக்குள் எந்த ஸ்டூடியோவும் கூப்பிடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே திரும்பிவிட வேண்டும் என்று கெடு விதித்தவரும் அவரே. அந்த இரண்டு வருடத்தையும் போராடி வாங்கிக் கொடுத்தவள் அக்கா.

யாரிடமும் கற்கவில்லை என்றாலும், இணையத்தில் ஒரு மொட்டைத்தலைக்காரர் இருந்தார். அவர் பேசும் வேகம் பிடிபடாமல், வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டான். குடித்துவிட்டுப் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும். மனதிலிருந்து வரையாதே, ஒரு ஆளை நடக்கவிட்டுப் படம்பிடி, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரை, ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம் என்றார் அவர். அவன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். ஒரே ஆளையே பார்த்துக்கொண்டிருக்காதே என்று அவர் அடுத்த பாடத்தில் எச்சரித்திருந்தார். முதல் பாடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டபடியால் அவன் அடுத்ததைப் பார்க்கவில்லை.

கைக்கெட்டிய ஆள் அக்காதான். வேலை முடிந்து வருகிறவளைப் படியிலேயே நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு தடவை ஏறு என்பான். வெறுங்கையோடு ஒரு தடவை, தண்ணீர் கேனோடு நாலு தடவை. அக்கா முகம் சுளித்ததே இல்லை. தம்பி முன்னுக்கு வருவதற்கு நாலு படி ஏறினால் தேய்ந்தா போய்விடுவேன் என்று மாமாவிடம் கேட்டாளாம்.

முதல் வருடம் அவன் வரைந்த உருவங்கள் தரையில் கால் பாவாமல் மிதந்தன. இரண்டாம் வருடம் அவற்றுக்கு எங்கிருந்தோ கனம் வந்தது. ராஜா, கரடி, கால் முளைத்த முட்டை, ஏன், பேய்கூட, இடது கையால் சுவரைப் பிடித்து, இடது காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கி மாடி ஏறின. இப்போதுதான் கனம் தெரிகிறது அக்கா என்று அவன் துள்ளினான். அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அவன் அதையும் படம்பிடித்துக்கொண்டான். யாரோ முகம் தெரியாதவர் இணையத்தில் உயிருள்ள நடை என்று எழுத, அந்த நடைக்கு ‘என் பாணி’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு ஸ்டூடியோ கூப்பிட்டது. மாமா முதல்முறையாக ஆர்ட்டிஸ்ட் என்பதைச் சிரிக்காமல் சொன்னார்.

ஸ்டூடியோவில் அவன் எதிரே உட்கார்ந்தவள் முடியை ஒட்ட வெட்டிய, நடுவயது சூப்பர்வைசர். அவன் இரண்டு வருட வேலையை வரிசைப்படி ஒட்டி எடுத்துப் போயிருந்தான். அவள் ஒரு தடவை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். கரடியில் நிறுத்தினாள். பாணியைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“யாரைப் பார்த்து வரைஞ்சீங்க?”

“எங்க அக்காவை மேடம். ரெண்டு வருஷமா அவங்களைத்தான்.”

“ஆரம்பத்துல இடது கால் நல்லாத்தான் இருக்கு. ராஜா வர்றப்போ லேசாத் தாங்கித் தாங்கி வருது. கரடி வர்றப்போ முட்டி மடங்கவே இல்லை.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அக்காவை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

எந்த மென்பொருள் தெரியும், எவ்வளவு வேகமாக வரைவான், எல்லாவற்றுக்கும் அவன் பதில் மனப்பாடம் செய்திருந்தான். இதற்குத் தலையைக் குனிந்துகொண்டான்.

அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். இப்படி உன்னிப்பாக மனிதர்களைப் பார்க்கிறவர்கள் கல்லூரியிலிருந்து வருவதே இல்லை, திங்கட்கிழமை வேலையில் சேரலாம் என்றாள். வாசல்வரை வந்து, “அபாரமான கண்ணு உங்களுக்கு,” என்றாள்.

வழியெல்லாம் அந்த வார்த்தை அவனைக் குத்திக்கொண்டே வந்தது. அந்த முட்டியைக் கோடு கோடாக ஆயிரக்கணக்கில் வரைந்திருக்கிறான். ஒரு தடவைகூட வலிக்கிறதா என்று கேட்டதில்லை. இன்னொரு தடவை என்று மட்டும்தான் கேட்டிருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா ஜன்னலில் காத்திருந்திருக்க வேண்டும். அவன் கீழ்ப்படியை எட்டுவதற்குள் மேலே கதவு திறந்தது. வராதே அக்கா, நானே வருகிறேன் என்று கத்தினான். அவள் கேட்கவில்லை. கடைசித் திருப்பத்தில் தெரிந்தாள். அவள் இறங்குவதை அவன் கவனித்ததே இல்லை, ஏறுவதைத்தான் படம்பிடித்திருக்கிறான். இடது காலை மடக்காமல் ஒரு படியில் இறக்கி, வலது காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, மூச்சு வாங்கி, அடுத்த படி.

“கிடைச்சிடுச்சா?”

அவன் தலையை ஆட்டினான். அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு அவள் அவன் வெறும் கைகளைப் பார்த்தாள்.

“போன் எங்கடா? நான் எறங்கினதை எடுக்காம விட்டுட்டியா? இரு, மறுபடி ஏறி வரேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா திரும்பி, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.