கையில் வாங்கிய எள்

என் வீட்டுக்காரர் முனிவேல் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். கேட்பவர்கள், கொடுத்து வைத்தவள் ஜெயமணி என்பார்கள். எனக்கோ வயிறு எரிந்தது.

தொண்டையில் புற்றுக்கட்டி என்று பெங்களூரில் ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது. இனி சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டும், எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவரோ கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைப்பார். "போதும் ஜெயா. நல்லாருக்கு" என்பார்.

அந்த 'நல்லாருக்கு'தான் என்னைக் கொன்றது. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை இந்த மனுஷன் நல்லாருக்கு என்று சொன்னதே கிடையாது. குழம்பில் உப்பு தூக்கல் என்பார். உங்க நாக்கு செத்துப் போச்சு என்பேன். சிப்காட் பக்கம் எங்கள் லைன் வீடு முழுக்கக் கேட்கும். இப்போது எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு. மனசு விட்டுப்போன ஆள்தான் அப்படிச் சொல்வான்.

ஒரு நாள் காலையில் படுத்தபடியே, "குவைத்துல வேலை செஞ்சப்ப ஹம்முஸ்னு ஒண்ணு துன்னுவோம். கொண்டக்கடலைய அரைச்சு செய்வாங்க. தொண்டையில வழவழன்னு எறங்கும்" என்றார். நோய் வந்தபிறகு அவராக வாய்விட்டுச் சொன்ன முதல் தீனி அது. அன்றைக்கே கடலையை ஊற வைத்தேன்.

மறுநாள் வேகவைத்து மிக்சியில் அரைத்தேன். அரைத்த கையோடு, பழக்க தோஷம், கடுகும் வரமிளகாயும் தாளித்து மேலே கொட்டிவிட்டேன். சட்னி மாதிரி ஒன்று கிண்ணத்தில் இருந்தால் எந்தக் கை சும்மா இருக்கும்? அவர் ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அறிவிருக்காடி உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பக்கத்து வீட்டு மேரிராணிதான் செல்போனில் பார்த்துச் சொன்னாள். "தாளிப்பே கிடையாதுக்கா. வெள்ளை எள்ளை லேசா வறுத்து, எண்ணெய் விட்டு விழுதா அரைச்சு, கடலையோட சேக்கணுமாம். எலுமிச்சம்பழம், கொஞ்சம் பூண்டு, அவ்ளோதான்."

முக்குக்கடை சரோஜம்மாள் எள்ளுப் பொட்டலத்தை என் கையில் தராமல் பலகைமேல் வைத்தாள். "கைல கொடபாரதம்மா. மனெல ஜகள ஆகுத்தே" என்றாள் கன்னடத்தில். எங்களிடமும் அதே வழக்கம்தான். எள்ளைக் கைக்குக் கை வாங்கினால் வீட்டில் சண்டை வரும். நானும் இத்தனை வருஷம் கீழே வைத்துத்தான் எடுத்திருக்கிறேன். அப்படியும் தினம் சண்டை நடந்தது, அது வேறு விஷயம். வீடு வந்து சேரும்வரை அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வெந்த கடலையை அவர் முன்னால் வைத்துத் தோலை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டார். வறுத்த எள்ளை அவர் பக்கத்தில்தான் தட்டில் ஆற வைத்திருந்தேன்.

"அந்த எள்ளை எடுங்க" என்றேன்.

தட்டைத் தூக்கி, வழக்கம்போல எனக்கு முன்னால் தரையில் வைக்கப் போனார். நான் கையை நீட்டினேன்.

"கைலயே குடுங்க."

"சண்டை வரும் ஜெயா."

"வரட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பிறகு தட்டை என் கையில் கொடுத்தார். கைமாறும்போது கொஞ்சம் எள் சிந்தியது.

எல்லாம் சேர்த்து அரைத்து, மேலே எண்ணெய் விட்டுக் கிண்ணத்தில் கொடுத்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, தரிதரியா இருக்குது" என்றார். "இதப் போயி ஹம்முஸ்னு குடுத்தா குவைத்துல உன்னைப் புடிச்சு உள்ள போட்டுருவான். ஐஸ் தண்ணி ஊத்தி அரைக்கணும்னு தெரியாதா?"

குரல் கரகரத்தது. ஆனாலும் அது பழைய குரல்தான்.

"தெரிஞ்ச மகராசன் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். ஊமையாட்டம் தோல் உரிச்சுக்கினு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"தாளிச்சுக் கொட்டினவதானே நீ. ஒனக்குச் சொல்லி என்னா ஆவப்போவுது."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றி மறுபடி அரைக்கும்போது, மிக்சி சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் கத்தினோம். அரைத்ததைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்த பிறகும் ஓயவில்லை. மேரிராணி பயந்துபோய் வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, சண்டையா?"

"ஆமா" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அவர் காலிக் கிண்ணத்தைத் தட்டினார். "வாசல்ல நின்னு கதை பேசாத. இன்னும் கொஞ்சம் போடு."