மூன்றாவது கியூப்

2019 மார்ச் 22, ஈரோடு. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஊறிக்கொண்டிருந்தன.

இரண்டும் எனக்கு முதுநிலைப் பொறியியலில் இடம் கொடுத்திருந்தன. ஒன்று கடல் தாண்டி, குளிர் நாட்டில். அங்கே மரப் பாலங்களைப் பற்றிப் படிக்கலாம். மற்றது வடக்கே, மலையடிவாரத்தில். ஒரு முழு வீட்டை ஏற்றி, நிலநடுக்கம் போல ஆட்டிப் பார்க்கும் மேடை அங்கே இருக்கிறது. ஏதாவது ஒன்றுக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அம்மாவின் தம்பி சென்னியப்பன் மாமா கட்டட கான்ட்ராக்டர். தளம் போடும்போது கொஞ்சம் கலவையை இரும்பு அச்சில் கொட்டி, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். அதற்குக் கியூப் என்று பெயர். "வெறும் காயிதத்த நம்பிப் பொண்ண அனுப்ப முடியாது" என்று மாமா இரண்டு இடங்களையும் கியூப் போட்டுவிட்டார்.

குளிர் நாட்டுக் கியூப் கிடந்த மூலையில் தண்ணீர் சில்லிட்டிருந்தது. வடக்கத்திக் கியூப் ஆடிக்கொண்டே இருந்ததால் தொட்டியில் அலை அடங்கவில்லை. அம்மா அதே தண்ணீரை மொண்டு பாத்திரம் கழுவினாள்.

அப்பா மார்ச் தொடக்கத்திலேயே தொட்டியின் மிதவைப் பந்தாகியிருந்தார். தண்ணீர் ஏறினால் ஏறுவார். இறங்கினால் இறங்குவார்.

"அப்பா, எனக்கு வடக்க போறதுதான் புடிச்சிருக்குது."

"மாமங்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். கியூப் சொல்லட்டும்னாரு."

"அப்பறம் நான் என்ன அம்மிணி சொல்றது" என்று அப்பா குழாயை அடைத்துக்கொண்டார்.

மாமா ஜீப்பை எடுத்தார். கியூப்கள் இரண்டும் என் மடியில் இருந்தன. இடது தொடை மரத்துப்போனது. வலது தொடை வழி முழுக்க ஆடியது.

சோதனைக் கூடம் ஒரு மஞ்சள் மண்டிக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஒரு வராந்தா. அதன் கோடியில் இயந்திரம்.

"எனக்கு வடக்கதான் வேணும் மாமா" என்றேன். வராந்தா நீண்டது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்." மேலும் நீண்டது.

"பேசாம வா அம்மிணி, கால் வலிக்குது" என்றார் மாமா. பேசாமல் நடந்தேன். கோடி வந்தது.

இயந்திரத்தின் பக்கத்தில் ரத்தினாம்பாள் மேடம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. கியூப்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மூணாவது எங்க?"

"ரெண்டு எடந்தானுங்க கெடச்சுது."

"ரெண்டுக்கு ரிப்போர்ட் கெடையாது. மூணு ஒடச்சு சராசரி போடோணும். ஸ்ட்ரக்சர் படிக்கப்போற பொண்ணு, இது தெரியாதா?"

தெரியும். கான்கிரீட்டுக்கு அதுதான் முறை.

"எனக்குச் சராசரி வேண்டாங்க. வடக்கத்திக் கியூப் இருக்குது பாருங்க, அது போதும்."

"அது உங்க அபிப்பிராயம். இந்த மெஷின்ல அபிப்பிராயத்துக்கு முள் இல்ல."

மாமா ஜீப்புக்குப் போய் இன்னொரு கியூப்போடு திரும்பி வந்தார். அது காய்ந்து கிடந்தது. ஓரத்தில் பீடித்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"கலவ கொஞ்சம் மிச்சமிருந்துச்சு. வீணாக்குவானேன்னு போட்டு வெச்சேன்."

"இது எந்த யுனிவர்சிட்டி மாமா?"

"நம்ம பெருந்துறை சைட்டு. சூப்பர்வைசர் வேல."

"நான் அதுக்கு அப்ளையே பண்ணலியே."

"நம்ம சைட்டுக்கு எதுக்கு அம்மிணி அப்ளிகேசன்?"

மேடம் குளிர் நாட்டை முதலில் வைத்தார். முள் நிதானமாக ஏறியது. கியூப்புக்குள்ளிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னார். பிறகு நெடுக்கில் பிளந்தது. கொஞ்சம் பனி கொட்டியது. மாமா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டாவதை எடுத்தபோது நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"இத ஒடைக்காதீங்க. நான் படிக்கப்போற எடம்."

"ஒடைக்காம எவ்வளவு தாங்கும்னு எப்படித் தெரியும்?"

"ஒடஞ்சப்பறம் எப்படிங்க படிக்கிறது?"

"அது அட்மிசன் ஆபீஸ்ல கேக்கோணும்."

முள் ஏறிக்கொண்டே போனது. இயந்திரம் ஆடியது. ஜன்னல்கள் ஆடின. மண்டியிலிருந்து மூட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. கூடத்தில் இதுவரை எதுவும் தாங்காத எடையை அது தாங்கியது. மேடம் முதன்முறையாக எழுந்து நின்றார். "நல்ல காலேஜு" என்றார். பிறகு அது நொறுங்கியது. நான் குனிந்து ஜல்லிகளைப் பொறுக்கினேன். அவை கைக்குள் சற்று நேரம் ஆடிவிட்டு நின்றன.

மாமாவின் கியூப்பை வைத்தார். மேல் தகடு தொடுவதற்கு முன்பே அது உதிர்ந்தது. முள் அசையவில்லை.

மேடம் மாமாவைப் பார்த்தார். "மூணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தா சாம்பிளே செல்லாதுங்க."

செல்லாமல் போகட்டும் என்று நின்றேன்.

"நம்ம பொண்ணுங்க. பாத்துப் போடுங்க" என்றார் மாமா.

மேடம் பார்த்துப் போட்டார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார். பிறகு சுவரில் இருந்த உலகப் படத்தில் மூன்று ஊசி குத்தி, நூல் கட்டி, நடுவில் விரல் வைத்தார்.

"இங்க வருது."

"என்ன ஊருங்க அது?"

"பேரில்ல. பஸ் நிக்கும்."

சாப்பாடும் சராசரிதான். ரொட்டி, சப்பாத்தி, மாமா வீட்டு அரிசிம்பருப்பு மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து தருவார்கள். பாடமும் அப்படியே.

"எத்தன வருசங்க?"

மேடம் கணக்குப் போட்டார். முதல் இரண்டும் இரண்டு வருடம். மாமாவின் சைட்டுக்கு முடிவு கிடையாது. கணக்கு வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

"எனக்கு இதுல சம்மதமில்ல" என்றேன். எங்களுக்குப் பின்னால் வராந்தா நீளும் சத்தம் கேட்டது.

"ஜீப்பு ரொம்பத் தூரம் போயிரும் அம்மிணி" என்றார் மாமா. ரிப்போர்ட்டை வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார். மணி ஐந்து.

அம்மா போனில் கூப்பிட்டாள்.

"என்னாச்சு கண்ணு?"

"மூணும் ஒடஞ்சுதும்மா."

"பாஸா?"

"பாஸ்."

"அப்பறமென்ன? வரும்போது கொத்தமல்லித்தழ வாங்கிட்டு வா."

ஜூலை முதல் தேதி அந்த ஊரில் சேர்ந்தேன். பஸ் நின்றது. எங்கள் வகுப்பில் முப்பது பேர் இருக்கிறோம். ஒருவரும் இந்த இடத்துக்கு விண்ணப்பித்தவர் இல்லை.