புளி போடாத காட்டுக்கருணை

முதலியார்பேட்டையில் ஜெயத்தின் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே தரையைப் பிளந்துகொண்டு ஒரு காட்டுக்கருணை முளைத்தது. வெட்டிச் சமைத்தால் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே ஒன்றேகால் கிலோ கிழங்கு இருந்தது. நகராட்சியிலிருந்து வந்தவர்கள் எடை போட்டுப் பார்த்துவிட்டு, அனுமதியில்லாத கட்டுமானம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள்.

புளி போடாவிட்டால் காட்டுக்கருணை எல்லோருக்கும்தான் நாக்கை அரிக்கும். இந்தக் கிழங்கு ஆள் பார்த்து அரித்தது. அன்றைக்குப் பொய் சொன்னவர்களுக்கு மட்டும் தொண்டைவரை நமநமத்தது. புளி விழுந்துவிட்டால் அவர்களும் தப்பித்தார்கள். கடை பிரியாணியைத் தன் கைப்பக்குவம் என்று கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு ரமீஜா, ஜெயம் கொடுத்த கிழங்கில் முதல் வாயிலேயே மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு அந்தத் தெருவில் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும், புளி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஜெயத்துக்கோ ஒரே ஒரு ஆள்மேல்தான் கண். அவள் கணவன் சாமிக்கண்ணு, மில் மூடியபின் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவன், வியாழன்தோறும் தேய்த்த சட்டையும் முகத்தில் பவுடருமாகக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். மில்லில் கூட வேலை பார்த்த பக்கிரி படுத்திருக்கிறான் என்பான். நோயாளியைப் பார்க்க எதற்குப் பவுடர்? இருபத்தாறு வருஷக் குடித்தனம் கைவிட்டுப் போகிறதோ என்று பயந்தாள். ஒரு வியாழன் மதியம் புளியே சேர்க்காமல் கிழங்கை வறுத்து வைத்துக் காத்திருந்தாள்.

வந்தவன் தட்டைப் பார்த்ததும், "புளி போட்டியா?" என்றான்.

"போட்டுட்டேங்க. பக்கிரிய பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் வரேன். அழுத மூஞ்சோட வராத, பவுடர் போட்டுட்டு வாடான்னு சொல்லி வச்சிருக்கான், பாவம்."

நாலு துண்டு தின்றான். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று அவளும் ஒரு துண்டை வாயில் போட்டாள். தொண்டைவரை நமநமத்து மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. போட்ட புளி பத்தவில்லை என்று நினைத்து, சாமிக்கண்ணுதான் ஓடிப்போய்ப் புளி கரைத்துக் குடிக்க வைத்தான். அவளுக்கு மூச்சு திரும்பியதும் கேட்டான்:

"எங்கிட்ட என்னா மறைக்கிற?"

மறைத்தது புளியைத்தான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவனைச் சோதித்ததையும் சொல்ல வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எலுமிச்சங்காய் அளவு புளி போட்டுத்தான் சமைக்கிறாள். சாமிக்கண்ணு வியாழன்தோறும் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பி, பாதி வழியிலேயே திரும்பி வந்து, வீட்டில் அவளோடு வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறான். பக்கிரி காத்திருக்கிறான். கிழங்கு தினமும் காலையில் ஒன்றேகால் கிலோ.