மாராயி சொல்லாத பேரு

1

உண்மையச் சொல்லிடறேன். இந்தக் கதை எனக்கு ஒரு லாக் ஃபைல்ல, அதான் வந்த கால் எல்லாம் பதிவாகற ஃபைல்ல, கெடச்சுது. 2004. கோயமுத்தூர்ல ஒரு இன்சூரன்ஸ் கால் சென்டர், நான் அங்க கம்ப்யூட்டர் கோடு எழுதிட்டிருந்தேன். யாராச்சும் போன் பண்ணுனா அவங்க நம்பரப் புடிச்சு வெப் சர்வருக்கு அனுப்பறது என் வேல. போன எடுக்கற புள்ள வணக்கம் சொல்றதுக்குள்ள, கூப்புட்டவங்க பேரு, ஊரு, பாலிசி எல்லாம் ஸ்க்ரீன்ல வந்து நின்னுரும். மொதத் தடவ அது வேல செஞ்சப்ப கேன்டீன் வரைக்கும் ஓடிப்போயி எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப நெனச்சா அலுப்பா இருக்கு.

லாக்குல ஒரு நம்பரு. கொல்லிமலை மேல வாசலூர்பட்டி டெலிபோன் பூத்து. ஒரே மத்தியானத்துல நாலு கால். நாலுலயும் கடைசி வார்த்த ஒண்ணுதான்: 'சரிபார்க்கல'.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் நானாக் கட்டுனது.

2

"கொல்லிமலைல மேகம் எறங்கி, எழுவது கொண்டை ஊசி வளைவையும்—"

வேண்டாம். மேகத்துக்கு இதுல ஒரு வேலையும் இல்ல.

போன எடுக்கற ராஜேஸ்வரிகிட்ட இருந்து ஆரம்பிக்கறேன். மலையடிவாரத்துக்காரி, காளப்பநாயக்கன்பட்டி. காலைல மாட்டுன ஹெட்செட், காது ரெண்டும் எரியுது. மணி மூணே கால். ஸ்க்ரீன்ல பக்கம் தொறந்துச்சு: அர்த்தநாரி, வயசு 48, விபத்துப் பாலிசி, வாரிசு மனைவி மாராயி.

"வணக்கம், ராஜேஸ்வரி பேசறேங்க."

"நாந்தானுங்க."

"நீங்கன்னா யாருங்க?"

"மாராயிங்க. எங்கூட்டுக்காரரு மொளகு பறிக்க ஏறி மரத்துல இருந்து உளுந்துட்டாருங்க. சேலத்துல ஆஸ்பத்திரில கெடக்கறாரு. உள்ள ரத்தம் போவுதாம். அஞ்சு மணிக்குள்ள நீங்க சரின்னு சொன்னாத்தான் இன்னிக்கு ஆப்பரேசனாம். பாலிசிக் காயிதம் எடுக்க நான் மட்டும் மேல வந்தனுங்க."

பாலிசி நம்பர பூத்துக்காரர் குப்புசாமி பக்கத்துல நின்னு படிக்க, இவங்க திருப்பிச் சொன்னாங்க. எல்லாம் சரி.

"சரிங்கக்கா. பாலிசிதாரர் பேரு சொல்லுங்க."

மாராயி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

"அக்கா?"

"அதான் உங்ககிட்ட இருக்குமுல்ல கண்ணு."

"உங்க வாயால சொல்லோணுங்க. ரெக்கார்டு ஆகுது."

"செங்கோட்டு மலை மேல, பாதி ஆம்பள பாதி பொம்பளையா நிக்கறாருல்ல. அந்தச் சாமி பேருதானுங்க."

ராஜேஸ்வரிக்குப் புரிஞ்சுபோச்சு. பேரு கண்ணு முன்னாடியே இருக்குது. ஆனா அவ எடுத்துக் குடுக்கக் கூடாது. குடுத்தா செல்லாது. சூப்பர்வைசர் சசிதரன் எல்லாக் கால் ரெக்கார்டையும் போட்டுக் கேப்பாரு. ஏற்கெனவே ஒருக்கா இரக்கப்பட்டு மாட்டி, இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவ அவ.

(அடிக்குறிப்பு மாதிரி வெச்சுக்கங்க: அந்தப் பக்கத்துல ஒரு கட்டம் உண்டு. 'பேரைச் சொன்னாரா?' அதுல டிக் உளுகாம, சரின்னு அனுப்பற பட்டன் அமுங்காது. அந்தக் கட்டத்த யாரும் கேக்கல. உஷாரா இருக்கட்டும்னு நானாச் சேத்தேன்.)

3

இங்க வந்ததும் மாராயி மேலயே எனக்குச் சந்தேகம். புருசன் உசுரு ஊசலாடுது, ஒரு பேரு சொல்ல மாட்டாங்களா? நம்பற மாதிரி இல்லியேன்னு ரெண்டு நாள் கதையத் தொடவே இல்ல. அப்பறம் ரெண்டாவது கால எழுதறப்ப அவங்களே சொல்லிட்டாங்க.

"பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும் சாமி. நல்லா நடமாடிட்டு இருந்தப்பவே இருவத்தஞ்சு வருசமாச் சொன்னதில்ல. இன்னிக்கா சொல்லுவேன்?"

ராஜேஸ்வரி 'சரிபார்க்கல'ன்னு போட்டு கால முடிச்சா.

மூணாவது கால். (அதே நம்பர் வந்தா அதே ஆளுக்குத்தான் போகும். அதுவும் என் கைங்கரியம்.) குப்புசாமி ரிசீவரப் புடுங்கிட்டாரு.

"அர்த்தநாரி! அர்த்தநாரி! அர்த்தநாரி! போதுமா அம்மிணி? இதுக்கு மேல சொன்னா ஊர்ல என்னையத்தான் அவன் பொண்டாட்டிம்பாங்க."

"வாரிசுதானுங்கண்ணா சொல்லோணும்."

"என்ன கருமம் புடிச்ச மிசினு அது!"

"உடுங்கண்ணா, புள்ளையத் திட்டாதீங்க"ன்னு பின்னாடி மாராயி.

நாலாவது கால் பதினோரு நிமிசம். என்ன பேசியிருப்பாங்க? எத்தன தடவ எழுதியும் பாதில நிக்குது. பாலிசி நம்பர போன் பட்டன்ல அமுக்குனா, அதுவும் சர்வருக்கு வரும். பேருக்குப் பதிலா அதக் கேக்கற மாதிரி அரை மணி நேரத்துல மாத்தியிருக்கலாம். எனக்குத் தெரியும். ஆனா அந்நேரம் நான் கேன்டீன்ல—

4

முடிவு ஒண்ணு: ராஜேஸ்வரி பொய்யா டிக் போடறா. ஆப்பரேசன் நடக்குது. அடுத்த வாரம் அவளுக்கு வேல போயிருது. (எழுதிட்டு அழிச்சேன். கட்டம் போட்டவன் நானு, கழுத்து அவளோடதா?)

முடிவு ரெண்டு: மாராயி சொல்லிடறாங்க. அவரு பொழச்சு வாராரு. அப்பறம் அவரு ராத்திரில ஒருக்கா இருமுனாலும், 'நாஞ் சொன்னதாலதான்'னு இவங்க தூங்காம—

முடிவு மூணு: மணி அஞ்சு. இத எழுத மாட்டேன்.

அஞ்சாவது கால் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட இருக்கற லாக்குத் துண்டு நாலு நாப்பதோட முடியுது. பழைய லாக்கு தானா அழியற மாதிரி எழுதி வெச்சதும் நாந்தான்.

5

அதனால அஞ்சாவது கால் வந்துச்சுன்னு வெச்சுக்கறேன். நாலு அம்பத்தி ரெண்டு. அதே நம்பரு. பக்கம் தொறக்குது.

"அக்கா…"

"நாந்தானுங்க கண்ணு."

ராஜேஸ்வரி கை மவுஸ் மேல இருக்கு. ஒயர்ல மாராயி மூச்சு வாங்கறது கேக்குது.

நான் இதோட கைய எடுத்துக்கறேன். எனக்கு முடியல. பேரு உங்களுக்குத் தெரியும், மேல நாலஞ்சு எடத்துல படிச்சுட்டீங்க. சசிதரன் உங்க குரலப் போட்டுக் கேக்க மாட்டாரு. பக்கத்துல பேனா இருக்கும். இன்னும் எட்டு நிமிசம் இருக்கு.

பேரைச் சொன்னாரா?   [      ]