பொரி கடலையோடு போன காப்புரிமை

கள்ளிக்குப்பத்தில் பார்வதத்தை 'மிஷின்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், அதில் பொய் ஒன்றுமில்லை. கரும்பு ஜூஸ் வண்டியில் விரல் உள்ளே போகாமல் தடுக்கும் தட்டு அவளுடையது. தண்ணீர் லாரிக் குழாயில் சொட்டு ஒழுகாமல் நிற்கும் மூடி அவளுடையது. கேஸ் சிலிண்டரை மாடிப்படியில் உருட்டிக்கொண்டு ஏறும் தள்ளுவண்டி, மீன் செதில் சுரண்டும் உருளை, படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை ஒற்றை ஆளாய்ப் புரட்டிப் படுக்கவைக்கும் இரும்புச் சட்டம், ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "ஒரே தொழில்ல நில்லேம்மே, எல்லாத்துலயும் மூக்க நொழைக்கிறியே" என்று யாராவது கேட்டால், "கஷ்டம் ஒரே தொழில்லயா கீது?" என்பாள். அத்தனைக்கும் அரசாங்கம் காப்புரிமை கொடுத்திருக்கிறது. சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியதில் முருகனும் லட்சுமியும் சுவர் மூலைக்கு ஒதுங்க வேண்டியதாகிவிட்டது.

ஆனால் அவற்றில் எதன் மேலும் இல்லாத ஆசை அவளுக்குக் கையிழுப்பான் மேல் இருந்தது.

அவள் புருஷன் கலியமூர்த்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அடித்து, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும். ஒருநாள் தகட்டோடு சேர்த்து அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, "பாத்து வேலை செய்யக்கூடாதா, கலியா?" என்றார். பார்வதத்துக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இன்றுவரை இறங்கவில்லை.

"அவரு பாத்துதான் செஞ்சாரு. உங்க மிஷினுதான் பாக்கல" என்று சொல்லி, ஆப்பிளையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

கையிழுப்பான் அந்தக் கோபத்தில் பிறந்தது. ஓட்டுபவரின் மணிக்கட்டில் இரண்டு பட்டைகள். பட்டையிலிருந்து கம்பிக்கயிறு மேலே போய்ப் பிரஸ்ஸோடு சேரும். இரும்பு இறங்கும்போதே கயிறு கைகளை வெளியே இழுத்துவிடும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம். இந்த மாதிரிப் பட்டை முன்பும் உண்டு. ஆனால் வேறு வடிவத்துக்காகப் பிரஸ்ஸில் அச்சு மாற்றும்போதெல்லாம் கயிற்றின் நீளத்தையும் மாற்ற வேண்டும். வேலை அவசரத்தில் யார் மாற்றுவார்கள்? அவிழ்த்துத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்துவிடுவார்கள். பார்வதம் செய்ததில் கயிறு தானே அளவு பிடித்துக்கொள்ளும். சைக்கிள் பின்சக்கரத்தின் பல்லைப் பார்த்து வந்த யோசனை அது. கைக்குப் பதிலாக முருங்கைக்காயைக் கட்டிச் சோதித்துப் பார்த்ததில், வீட்டில் பல நாள் நசுங்கின முருங்கைக்காய்ச் சாம்பார்தான்.

நசுங்காத முருங்கைக்காய் முதன்முதலாக வெளியே வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வந்ததே வந்தது, இரண்டு நாள் கழித்து வந்திருக்கக் கூடாதோ!

காப்புரிமை வேலையெல்லாம் பார்க்கிற வக்கீல் கிருஷ்ணப்பிரியா எப்போதும் தலைதலையாய் அடித்துக்கொள்வாள். "விண்ணப்பம் போடுற வரைக்கும் யார்கிட்டயும் காட்டாதீங்க அக்கா. ஊர் பாத்துட்டா அது புதுசு இல்ல. புதுசு இல்லன்னா காப்புரிமை இல்ல." பார்வதமும் அதைத் தெய்வ வாக்காகத்தான் வைத்திருந்தாள். ஆனால் தெய்வமே நேரில் வந்து உட்காரும் நாளில் என்ன செய்வது? எஸ்டேட்டில் ஆயுத பூஜையன்று ஒரு பட்டறைக்கும் கதவு சாத்தியிருக்காது. வாசலில் வாழைமரம், உள்ளே கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்த மிஷின்கள். இந்தப் பட்டறைக்காரர் அந்தப் பட்டறைக்குப் போவார், பொரியைக் கொறித்துக்கொண்டே "இது புதுசா?" என்று தட்டிப் பார்ப்பார். பூஜையில் வைக்காத மிஷின் விளங்காது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புது மிஷினைச் சாக்குப் போட்டு மூடி வைத்துக்கொண்டு பழைய டிரில்லிங் மிஷினுக்குக் கற்பூரம் காட்ட பார்வதத்துக்கு மனசு வரவில்லை.

தன் பட்டறை நடுவில் அதை வைத்தாள். மாலை போட்டாள். எலுமிச்சம்பழம் வைத்தாள். அதோடு விட்டாளா? பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சுற்றி நின்று கேட்கக் கேட்க, கயிறு எப்படி அளவு பிடிக்கிறது, பல் எங்கே சிக்குகிறது, ஸ்பிரிங் எதற்கு என்று வாய் நிறையப் பொரியோடு விளக்கினாள். கலியமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டி பேசுவதை முழுசாகப் போனில் படம் பிடித்து, எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எங்க ஊட்டு இஞ்சினியர்" என்று பேஸ்புக்கிலும் ஏற்றிவிட்டார். காப்புரிமை விண்ணப்பம் அடுத்த வாரம்தான் போனது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது சும்மாவா? விண்ணப்பத்தை எதிர்த்து ஒரு பெரிய கம்பெனி மனுப் போட்டது. கை உள்ளே போனால் பிரஸ்ஸைத் தானே நிறுத்திவிடும், சென்சார் வைத்த ஒளித்திரை விற்கிற கம்பெனி. அவர்கள் இணைத்த சாட்சியம் ஒன்றே ஒன்று: கலியமூர்த்தி எடுத்த வீடியோ.

"அதான் படிச்சுப் படிச்சு சொன்னேனே அக்கா!" என்றாள் கிருஷ்ணப்பிரியா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் யாருக்குக் காட்னேன்? சாமிக்குக் காட்னேன்."

"சாமி மட்டும் பாத்திருந்தா பரவால்ல. ஆயிரத்துச் சொச்சம் பேர் லைக் போட்டிருக்காங்க. அரசாங்கம் அறிவிச்ச கண்காட்சின்னா சட்டத்துல சலுகை உண்டு. இது அந்தக் கணக்குல வராது."

"ஆயுத பூஜைக்கு அரசாங்கம்தான லீவு உடுது? அது போதாதா?"

கிருஷ்ணப்பிரியா சிரிக்கவில்லை. பார்வதத்துக்கு அப்போதுதான் நிலைமை உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனி மேனேஜர் உத்தமன் பட்டறைக்கே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பார்வதம் அதைப் பார்த்தாள்.

"மேடம், நமக்குள்ள சண்டை எதுக்கு? உரிமையை எங்களுக்கு எழுதிக் குடுத்துடுங்க, மனுவ நாங்க வாபஸ் வாங்கிக்கறோம். கண்டுபிடிச்சது நீங்கன்னு சர்டிபிகேட்ல உங்க பேர் இருக்கும், செவுத்துல மாட்டிக்கலாம். இல்லன்னா எல்லாமே போயிடும். கண்டவனும் காப்பி அடிப்பான். யோசிங்க."

"வாங்கிக்கினு இன்னா பண்ணுவீங்க? செஞ்சி விப்பீங்களா?"

"அது எங்க பிசினஸ் முடிவு மேடம்."

"பரண்ல தூக்கிப் போட்ருவீங்க. சின்னப் பட்டறைக்காரன் உங்க ஒளித்திரைய வாங்க முடியாது, இத்தயும் வாங்க முடியாது. அவன் வெரலு போய்க்கினே இருக்கும். அப்டித்தான?"

உத்தமன் புன்னகை மாறாமல் எழுந்தார். "விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கு மேடம்."

அவர் போனதும் கலியமூர்த்தி மெதுவாக வாயைத் திறந்தார். வீடியோ விவகாரம் வெடித்ததிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. "எம்மேலதான் தப்பு. நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. வீடியோல கீறது வேற மாடலு, இது இல்லன்னு சொல்லிட்டா?"

"பெத்துப் பேர் வெச்சுப் பொட்டும் வெச்ச புள்ளய, எம் புள்ள இல்லன்னு சொல்றதா? போய்யா."

சொல்லிவிட்டாள். ஆனாலும் மனசு அலை பாயத்தான் செய்தது. உள்ளதைச் சொன்னால், அந்தச் சான்றிதழ் அவளுக்கு வேண்டும். உயிரே போனாலும் வேண்டும். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். மற்ற சான்றிதழ்களை எல்லாம் மூளைக்குக் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொண்டால், இது அந்த ஆப்பிள்காரருக்குச் சொல்லும் பதில். எழுதிக் கொடுத்தால் பெயராவது மிஞ்சும். கொடுக்காவிட்டால் பெயரும் இல்லை, உரிமையும் இல்லை. பட்டறையில் கடைசல் மிஷினை ஓடவிட்டுக்கொண்டு, சத்தத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் அழுதாள். கலியமூர்த்திக்குக் கேட்கக் கூடாது என்றுதான்.

மறுநாள் காலையில் கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"நமக்கு இல்லன்னு ஆய்ட்டா, அது யாருக்குப் போவும்?"

"யாருக்கும் போகாது அக்கா. வீடியோ பொதுவெளியில இருக்கறதால வேற யாரும் இதுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. யார் வேணா செய்யலாம், யாரையும் தடுக்க முடியாது."

"அந்த உத்தமனால?"

"அவராலயும் முடியாது."

பார்வதம் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடப்பாவி! கண்டவனும் காப்பி அடிப்பான்னு என்னப் பயமுறுத்திட்டுப் போனானே. தெருவுக்குத் தெரு இத்த செஞ்சா அவன் ஒளித்திரைய எவன் வாங்குவான்? பயப்பட வேண்டியது அவனா, நானா?"

விசாரணை வீடியோ காலில்தான் நடந்தது. கிருஷ்ணப்பிரியாவின் அலுவலகத்தில் லேப்டாப் முன்னால் பார்வதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோற்கப் போகிற இடத்துக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று கலியமூர்த்தி கேட்டதற்கு, "தோக்கறதுன்னு எவன் சொன்னான்?" என்றாள். திரையில் ஒரு கட்டத்தில் அதிகாரி, ஒரு கட்டத்தில் கம்பெனியின் வக்கீல், இன்னொரு கட்டத்தில் உத்தமன். தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்கூட உத்தமன் போன் செய்து, "இப்போ சரின்னாலும் வாபஸ் வாங்கிடறேன் மேடம்" என்றிருந்தார். "கம்முனு போய்க் கேமரா முன்னாடி குந்து" என்று வைத்துவிட்டாள்.

கம்பெனி வக்கீல் வீடியோவைப் போட்டுக் காட்டினார். திரையில் பார்வதம் பொரி மென்றுகொண்டே, கயிற்றை இழுத்து இழுத்து விளக்கிக்கொண்டிருந்தாள். வீடியோ முடிந்தது.

"இதுக்கு விண்ணப்பதாரர் பதில் என்ன?" என்றார் அதிகாரி.

கிருஷ்ணப்பிரியா பார்வதத்தைப் பார்த்தாள். பார்வதம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வணக்கம் சார். வீடியோல கீறது நான்தான். மிஷினும் இதேதான், ஒரு ஆணி மாறல. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் காட்டிட்டேன், பாத்தவன் செய்யற மாதிரியே வெளக்கியும் சொல்லிட்டேன். நான் ஒண்ணும் மறைக்கல. இவங்க கம்பெனி சொல்றது அத்தனையும் உண்மை. அவங்க வாயால சொன்னத அப்டியே எழுதிக்கோங்க சார், ஒரு எழுத்து உடாம. நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரனும் இது என்னுதுன்னு வரக் கூடாது பாருங்க."

கம்பெனி வக்கீலுக்கு இப்படி ஒரு வெற்றி எந்த வழக்கிலும் வந்திருக்காது. பூரித்துப் போனார். ஆனால் உத்தமனின் கட்டத்தில் நிலைமை வேறு. நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டித் தன் வக்கீலைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். மியூட்டை எடுக்க மறந்துவிட்டதால் ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உத்தரவு வந்த அன்று பார்வதம் சமைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது? சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, "அந்தப் போன எடுய்யா. இந்த வாட்டி ஒழுங்கா, வெளிச்சத்துல நின்னு எடு" என்றாள். ஒவ்வொரு அளவாகச் சொல்லி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிக் காட்டி, எந்தக் கடையில் எந்த ஸ்பிரிங் கிடைக்கும் என்பது வரை பேசினாள். கலியமூர்த்தி இந்த முறை பயந்து பயந்துதான் அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தவைத்தாள்.

வீடியோ எங்கெங்கோ போனது. உத்தமன் போன் செய்யவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஏதோ போல்ட் வாங்க எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் போய்க்கொண்டிருந்த பார்வதம், திறந்திருந்த ஒரு பிரஸ் பட்டறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே வரிசையாய்ப் பிரஸ் மிஷின்கள், எல்லாவற்றின் மேலும் கையிழுப்பான். மஞ்சள் பெயின்ட் அடித்து, 'எங்கள் தயாரிப்பு' என்று பட்டறைப் பெயரை வேறு எழுதியிருந்தார்கள். எழுதினவன் கையை ஒடிக்க வேண்டும் போல வந்தது அவளுக்கு. நேரே உள்ளே போனாள்.

முதல் மிஷினில் நெமிலிச்சேரியிலிருந்து வேலைக்கு வரும் பானுப்பிரியா என்ற பெண் தகடு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. காலால் மிதித்த பிறகுதான் பார்த்தாள் போல. நேராக்க வெடுக்கென்று கையை உள்ளே விட்டாள். இரும்பு இறங்கியது. அதே நொடியில் கயிறு சுண்டி, இரண்டு கைகளையும் பின்னால் இழுத்தது. இழுத்த வேகத்தில் அவள் ஸ்டூலோடு சரிந்து, பார்வதத்தின் மேலேயே வந்து விழுந்தாள்.

"சீ, சனியன்! மனுசிய மாடு மாரி கட்டிப் போட்டு இழுக்குது!" என்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள் பானுப்பிரியா. "எந்தப் பேமானி இத்தக் கண்டுபுடிச்சான்? அவன் மட்டும் எங் கைல கெடைக்கட்டும்!"

பார்வதம் அந்தக் கைகள் இரண்டையும் பிடித்து விரித்துப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன.

"நான்தான்டி" என்றாள். "இப்ப இன்னான்ற?"