சீசன் தொடக்கப் பரீட்சை

செயின்ட் லூயிஸ் கால்பந்து சங்கம் வருடா வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து வைத்து, ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பழைய ஆட்டக்காரர் ஒருவரை மேடையேற்றும். இந்த வருடம் நான். அமெரிக்க அணிக்காக அறுபத்தோரு ஆட்டம், ஒரு உலகக் கோப்பை. கூப்பிடாமல் இருந்திருந்தால்தான் பேச்சு வந்திருக்கும். என்னை அறிமுகம் செய்து பேச யாரை அழைக்கலாம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜினா கராவல்யா என்று அவர்களே முடிவும் செய்துவிட்டார்கள்.

ஜினாவும் நானும் ஒரே கிளப்பில் பின்களத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். ஒரே வாடகை வீடு. அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். பெருந்தன்மைக்காக இப்போது சொல்லவில்லை. அப்போதே தெரியும், வயிறு எரியும். தேசிய அணியின் தடுப்பாட்டத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்த வருடம் அது. தேர்வாளர்கள் எங்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீசன் தொடங்கும் முன் எல்லோரையும் கணினி முன்னால் உட்காரவைத்து ஒரு பரீட்சை வைப்பார்கள். வரும் சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், நிறம் மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். சீசன் நடுவில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி எழுதி, பழைய மதிப்பெண்ணை எடுத்தால்தான் களத்துக்கு விடுவார்கள். ஆட்டக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? முதல் தடவையே வேண்டுமென்று சொதப்பிவைத்தால், பிறகு மூளை குழம்பிக் கிடந்தாலும் அந்த மதிப்பெண்ணை எட்டிவிடலாம். உடை மாற்றும் அறையில் இது பலருக்கும் தெரிந்த ரகசியம். ஜினாவுக்குத் தெரியாது. அவளிடம் சொன்னது நான்.

"மெதுவா அழுத்துடி. நாலு வார்த்தைய மறந்த மாதிரி விட்டுடு. நானும் அப்படித்தான் பண்ணப்போறேன்."

அவள் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தாள். என் முறை வந்தது. திரையில் முதல் சொல் வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருப்பது ஒரு தலை. ஒழுங்காக எழுதினேன். வெளியே வந்து, படு மோசமாகச் சொதப்பிவிட்டேன் என்று அவளிடம் கண்ணடித்தேன்.

மே மாதம் ஒரு கார்னர் பந்துக்கு எழும்பி, எதிரணிக்காரியின் தலையில் மோதி விழுந்தாள். அன்று வீட்டுச் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க அவளுக்கு மூன்று முறை ஆனது. ஆனால் பரீட்சையில் தேறிவிட்டாள். தேறாமல் என்ன செய்வாள்? வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் என்னிடமும் விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். உண்மையைச் சொன்னால் இடத்துக்காகப் போட்டுக்கொடுத்தேன் என்பார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் மறுபடி அடிபட்டது. அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம்.

உலகக் கோப்பைக்கு நான் போனேன். முதல் ஆட்டத்தன்று ஜினா இருட்டறையில் படுத்து, திரையைப் பார்க்க முடியாமல் சத்தத்தை மட்டும் கேட்டாளாம். ஆட்டம் முடிந்ததும் முதல் வாழ்த்து அவளிடமிருந்துதான் வந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. வெளிச்சம் ஆகாது என்று ஜினா அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறாள். பேச்சின் நடுவில் சொல் நழுவிவிடும். அதனால் பேச வேண்டியதை அட்டையில் எழுதி, விரல் வைத்து, ஒரு சொல் விடாமல் படிப்பாள். ரெண்டு பேரும்தானே ஏமாற்றினோம், அடி என் பக்கம் வந்தது, அவ்வளவுதான் என்று இத்தனை காலமும் அவள்தான் என்னைத் தேற்றியிருக்கிறாள். நானும் வெட்கமில்லாமல் தேறியிருக்கிறேன்.

விருந்தன்று மேடைக்குப் பின்னால் தட்டும் கையுமாகப் பொரித்த ராவியோலிப் பலகாரத்தை மென்றுகொண்டே வந்து, அட்டைகளை நீட்டிப் பிழை பார்க்கச் சொன்னாள். முதல் வரியிலேயே என் பெயர், 'என் தோழி மோரின் பிராக்மையர்' என்று. மூன்றாவது அட்டையில் அந்தப் பரீட்சைக் கதை. இருவரும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் என்று, கூட்டம் சிரிக்கும்படி எழுதியிருந்தாள். முந்நூறு பேர் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

"ஜினா, நான் சொதப்பல. ஒழுங்காத்தான் எழுதினேன்" என்றேன்.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னைப் பண்ணச் சொல்லிட்டு நீ ஏன் பண்ணல?"

"பயமா இருந்துச்சு."

"அப்ப, ஆபத்துன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

தெரியும் என்றேன். டாக்டர் என்னிடம் விசாரித்ததையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றாவது அட்டையை மட்டும் உருவித் தட்டுக்கு அடியில் வைத்தாள். அதற்குள் மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விரல் வைத்துப் படித்தாள். அறுபத்தோரு ஆட்டத்தையும், உலகக் கோப்பையையும், என் உழைப்பையும் எழுதியிருந்தபடியே புகழ்ந்தாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த மூன்றாவது அட்டையைத் தவிர அவள் விட்டது முதல் அட்டையில் இரண்டு சொல்தான். விரலை அவற்றைத் தாண்டி வைத்து, "மோரின் பிராக்மையர்" என்று தொடங்கியிருந்தாள்.