மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு

"ரோஸ் வேண்டாம், சுருளியாண்டி. நேத்துச் சொன்னதை மறந்துருங்க."

கொத்தனார் சுருளியாண்டி கரண்டியைக் கீழே வைத்தார். "வெள்ளையும் வேண்டாம்னீகளேம்மா?"

"வெள்ளை டைல்ஸ் கல்லறைத் தோட்டத்துல ஒட்டுறது. எங்க மாமனாருக்கு அதுதான் ஒட்டுனோம். உள்ள போறவுக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணவா?"

"நீலம்?"

"ஆஸ்பத்திரி."

"மிச்சம் இருக்கது பச்சைதான்."

சொர்ணலதா இளம்பச்சை டைல்ஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அரைச் சுவருக்குப் பச்சை. மேல டிஸ்டம்பர் பெயிண்ட். சந்தனக் கலரு... இல்ல, இருங்க, எதுக்கும் சாயங்காலம் சொல்றேன்."

தேனி கடைவீதியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் பொன்னுராஜின் வீட்டு முன்கூடத்தில், மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் ஓட்டைக் குடையும் கிடந்த பொந்துதான் இப்போது விருந்தாளிகளுக்கான கக்கூஸ் ஆகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து மகள் செல்வமணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்த மாப்பிள்ளையின் அம்மாவை, சாக்கு மூட்டைகளைத் தாண்டிக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள் சொர்ணலதா. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை.

"டைல்ஸைப் பாத்தா பொண்ணு எடுப்பாக?" என்றார் பொன்னுராஜ்.

"உங்களுக்கென்ன, நீங்க கடைக்குப் போயிருவீக. கொல்லைக்குக் கூட்டிப்போனவ நானு."

சாயங்காலம் சந்தனக் கலர் என்றாள். விடிந்ததும் தந்தக் கலர் என்றாள். பூசியது காய்வதற்குள் மூன்று தடவை விரலால் தொட்டுப் பார்த்து, மூன்று தடவையும் சுருளியாண்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா ஞானசிகாமணி, மனைவியோடும் நாலைந்து ஆண்களோடும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவர் நாற்காலிக்கு எதிரேதான் அந்தக் கதவு. ஜெபம் முடிந்தது. தலையைக் குனிந்தபடி வந்து பலகாரத் தட்டை வைத்துவிட்டு, செல்வமணி அடுக்களைக்குப் போய்விட்டாள். சொர்ணலதாவின் கண் முழுக்க மாப்பிள்ளையின் அம்மா ரூபவதியின் மேல்தான். கடைசியில் ரூபவதி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் போகணுமே?"

"இங்கனயே இருக்கு, வாங்க!"

ரூபவதி கதவைப் பார்த்தாள். எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளைக முகத்துக்கு நேரா கதவைத் திறந்து எந்தப் பொம்பளை போவா? கொல்லையில இல்லையா?"

சொர்ணலதா கொல்லைப் பக்கம் முன்னால் நடந்தாள். இது எப்படித் தோன்றாமல் போனது? அதே சாக்கு மூட்டைகள், அதே கொல்லை. கால் கழுவிவிட்டு ரூபவதி திரும்பும்போது, அடுக்களை ஜன்னல் வழியாகச் செல்வமணியின் குரல் வெளியே கொட்டியது. வேலைக்காரி மொக்கம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தம்மா அங்கன போனாகளா இல்லையா? எங்கம்மா ஒரு மாசமா சுவரைத்தான் பொண்ணு பாக்குறாக. அவுக போகலைன்னா அந்தச் சுவரைக் கட்டிப்பிடிச்சு அழுதுருவாக!"

சொர்ணலதா அவசரமாக ஜன்னலை மறைத்து நின்றாள். "அவ... விளையாட்டுக்குச் சொல்றா..."

ரூபவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அப்பாடா, பேசுறா! கூடத்துல தலையே நிமிராம போனதைப் பாத்து, இவளும் பேசமாட்டாளோன்னு பயந்தே போயிட்டேன். எங்க வீட்ல ஆம்பளைக மூணு பேரும் வாயே திறக்க மாட்டாக. வாங்க மதினி, காபி ஆறிரும்."

"என்ன சொன்னீக?"

"காபி ஆறிரும்னேன்."

"அதுக்கு முன்னால?"

"மதினின்னேன். ஏன், சம்பந்தியை வேற எப்பிடிக் கூப்பிட?"